பதினொரு பேர் எழுதிய 120

1. இரண்டேகால் மணி

"இந்தப் பொண்ணுக்கு ஸ்டாண்டர்ட் கிராப்கூடப் போடத் தெரியல. மூணு வருஷமா என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?"

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், ஒரு விடைத்தாளை மேசைமேல் போட்டுவிட்டு எங்கள் துறைத் தலைவரைக் கேட்டார். நேரம் மதியம் இரண்டேகால். நான் தொட்டியருகே நின்று டெஸ்ட் டியூப்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பஞ்சவர்ணம். ஊர் மானகிரி. மாநில அரசின் பல்கலைக்கழகம் ஒன்றில், பயோகெமிஸ்ட்ரியும் பயோபிசிக்ஸும் சேர்த்துப் படிக்கும் பி.எஸ்ஸி. மாணவர்களுக்கான ஆய்வகத்தில் இருபத்தாறு வருடங்களாக டெக்னீஷியன். ஆய்வகத்தில் அன்றன்று நடப்பதை மணி போட்டு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். புதிதாக வேலைக்குச் சேரும் டெக்னீஷியன்கள் படிக்கட்டும் என்று அந்த நோட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் சார்களின் பெயர்களையும் எழுதவில்லை. கோபத்தோடு எழுதுவதாக உங்களுக்குத் தோன்றினால், அது சரிதான்.

அன்று மூன்றாம் ஆண்டுக்குக் கடைசி செய்முறைத் தேர்வு. பன்னிரண்டு பேர். லவ்ரி முறையில் புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். முறை எளியது. புரதக் கரைசலில் ரீஏஜென்ட்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். புரதம் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். அந்த அடர்த்தியைக் கலரிமீட்டர் எண்ணாகக் காட்டும். முதலில் அளவு தெரிந்த ஐந்து கரைசல்களுக்கு எண் எடுத்துக் கிராப் போட வேண்டும். அது ஸ்டாண்டர்ட். பிறகு அளவு தெரியாத கரைசலுக்கு எண் எடுத்து, அந்தக் கிராப்பை வைத்து அதில் எவ்வளவு புரதம் என்று சொல்ல வேண்டும். அது அன்நோன். இரண்டையும் தயாரித்து வைப்பது என் வேலை. அன்றைய அன்நோனில் 120 மைக்ரோகிராம் வைத்திருந்தேன்.

பதினொரு பேர் 120 என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் 240 என்று எழுதியிருந்தாள். மேசைமேல் விழுந்தது அவளுடைய தாள்.

அவள் பெயர் அபிநயா. அமராவதிபுதூர். அப்பா தச்சு வேலை செய்கிறவர். வேறு மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. பயோபிசிக்ஸுக்கு அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். செய்முறையில் அறுபது சதவீதம், அதாவது அறுபதுக்கு முப்பத்தாறு, எடுத்ததற்கான மதிப்பெண் பட்டியலை அந்த மாத முடிவுக்குள் காட்டினால்தான் இடம் உறுதி. இது துறையில் எல்லாருக்கும் தெரியும். துறைத் தலைவருக்கும் தெரியும்.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, அவளைக் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா இது, 240? உன் கிராப்பே 200-ல முடியுதே."

"ஆமா சார். அன்நோன் கிராப்பைத் தாண்டிப் போயிருச்சு. அதான் பாதி அளவு எடுத்து மறுபடி பண்ணுனேன். 0.18 வந்துச்சு. அது கிராப்ல 120. ரெண்டால பெருக்கினேன் சார்."

"எல்லாருக்கும் நேராவே 120 வந்திருக்கு. உனக்கு மட்டும் ஏன் வரல?"

"தெரியல சார். மிஷின் காட்டுனதை எழுதியிருக்கேன்."

"அப்ப மத்த பதினொரு பேரும் தப்பா?"

"அவங்க என்ன பண்ணுனாங்கன்னு நான் பாக்கல சார்."

"வாய் பேசாம வெளிய போ," என்றார் துறைத் தலைவர்.

அறுபதுக்குப் பதினெட்டு போட்டார்கள். தேறவே இருபத்து நான்கு வேண்டும்.

2. மாடல் ரெக்கார்டு

அவள் சொன்னது எனக்குள் உறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஆய்வகத்தின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

செய்முறை வகுப்பில் செய்ததை எல்லாம் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எப்போதோ ஒரு நல்ல மாணவன் எழுதிய ரெக்கார்டு, மாடல் ரெக்கார்டு என்ற பெயரில் வளாகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. லவ்ரி சோதனைக்கு அதில் இருக்கும் எண்கள் 0.12, 0.24, 0.36, 0.48, 0.60. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். உண்மையான ஆய்வகத்தில் அப்படி ஒருநாளும் வராது. ஆனால் அதை எழுதினால் கையெழுத்து உடனே கிடைக்கும். 0.11, 0.25 என்று தனக்கு வந்ததை எழுதினால், "ஏன் கோடு நெளியுது, மறுபடி எழுதிட்டு வா" என்று நோட்டு திரும்பி வரும். மூன்று வருடம் இப்படி நோட்டு திரும்பி வந்தால் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொண்டுவிடும்.

அன்நோனும் அப்படித்தான். வருடாவருடம் 80, 120, 160 என்ற மூன்றில் ஒன்று. எல்லாரும் தேற வேண்டும் என்று முன்பிருந்த துறைத் தலைவர் வைத்த வழக்கம். மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. தயாரிப்பது எனக்கும் எளிதாக இருந்தது.

இதனால் பரீட்சையில் என்ன நடக்கும் என்றால், ஆறு டியூப் செய்ய வேண்டிய இடத்தில் அன்நோன் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்வார்கள். அது 0.36 காட்டினால், மாடல் ரெக்கார்டின்படி 120. விடை கையில் வந்துவிட்டது. மீதி ஐந்து எண்களை மனப்பாடத்திலிருந்து எழுதிக் கிராப்பை முடித்துவிடுவார்கள். அன்று பதினொரு பேர் பன்னிரண்டு மணிக்கே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள். அபிநயா மட்டும் இருந்தாள். "மேடம், இன்னொரு டியூப் குடுங்க, திரும்பப் பண்ணணும்," என்றாள். "நேரமாச்சு, சீக்கிரம்," என்று எரிச்சலோடு கொடுத்தேன். அதுவும் நோட்டில் இருக்கிறது: 12.20, அபிநயா, டியூப் ஒன்று.

3. ஒரு கோடு

மூன்று மணிக்கு என் நோட்டை எடுத்துக் காலைப் பக்கத்தைப் பார்த்தேன்.

ஸ்டாண்டர்டுக்கு ஸ்டாக் என்கிற அடர்த்தியான மூலக் கரைசலிலிருந்து பத்து மில்லி எடுத்து, ஐம்பது மில்லி பிளாஸ்க்கில் விட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். என்னிடம் இருப்பது ஐந்து மில்லி பிப்பெட். ஆகவே இரண்டு முறை. ஒவ்வொரு முறை விட்டதும் நோட்டில் ஒரு சின்னக் கோடு போடுவேன். எண்ணிக்கை தவறாமல் இருக்க நானே வைத்துக்கொண்ட வழக்கம்.

பக்கத்தில் இருந்தது இதுதான்:

8.47. ஸ்டாக் 5 மில்லி. |
8.50. ஹெச்.ஓ.டி. அழைத்தார்.
9.10. கோடு வரை நீர். கலக்கியாயிற்று.

கோடு ஒன்றுதான்.

8.50-க்கு அவர் எதற்கு அழைத்தார் என்பதை நோட்டில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். "பஞ்சவர்ணம், எக்ஸ்டர்னல் சார் வந்துட்டாரு. மத்தியானத்துக்கு நண்டா எறாவான்னு கேட்டு மெஸ்ஸுக்குச் சொல்லிருங்க. ரூம்ல இலை, தண்ணி, கை துடைக்கத் துண்டு எல்லாம் இருக்கணும். போன தடவை மாதிரி டிஷ்யூ பேப்பர் வைக்காதீங்க." செய்முறைத் தேர்வு நாளில் எக்ஸ்டர்னலின் சாப்பாடு எப்போதும் என் தலையில்தான். ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் பெண் ஊழியர். பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். இருபது நிமிடம் கழித்து வந்து, பிளாஸ்க்கில் கரைசல் இருப்பதைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றினேன். ஸ்டாண்டர்டின் வீரியம் பாதியாகிவிட்டது. அன்நோன் தனியாகத் தயாரித்தது, அதில் தவறு இல்லை.

நோட்டை மட்டும் நம்பாமல் சோதித்தும் பார்த்தேன். காலையில் மிச்சமிருந்த ஸ்டாண்டர்டையும், புதிதாகச் சரியாகத் தயாரித்த ஸ்டாண்டர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தேன். நிறம் வர முக்கால் மணி நேரம் ஆகும். 3.55-க்கு ரீடிங் எடுத்தேன். 200 மைக்ரோகிராமுக்குப் புதியது 0.60 காட்டியது. காலையில் கொடுத்தது 0.30.

அதாவது, அன்று நான் கொடுத்த ஸ்டாண்டர்டை வைத்து ஒழுங்காக அளந்தால், விடை 240-தான் வரும். யாருக்கும் 120 வராது. அபிநயா ஒருத்திதான் அளந்திருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது பயம். அதை மறைக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருடத்தில் பரீட்சைக் கரைசலில் நான் தவறு செய்ததில்லை. கலரிமீட்டரை அணைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டேன்.

4. துறைத் தலைவர் அறையில்

மதிப்பெண்களை ஐந்து மணிக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். துறைத் தலைவரும் எக்ஸ்டர்னலும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். இரண்டு ரீடிங்கையும் சொன்னேன்.

எக்ஸ்டர்னல்தான் முதலில் பேசினார். "சரிம்மா. அன்நோன்ல நீங்க வச்சது 120 தானே?"

"120 தான் சார்."

"அப்ப பதினொரு பேர் போட்டது கரெக்ட் ஆன்சர்தானே?"

"ஆன்சர் கரெக்ட் சார். ஆனா நான் குடுத்த ஸ்டாண்டர்டை வச்சு அந்த ஆன்சர் வராது. 200-க்கு 0.60-ன்னு பதினொரு பேர் எழுதியிருக்காங்க. இன்னைக்கு நம்ம லேப்ல இருக்கிற ரெண்டு மிஷின்லயும் 0.36-க்கு மேல ஒரு எண் வந்திருக்காது."

அவர் காபியை வைத்துவிட்டார். துறைத் தலைவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"தப்பு யாருது?"

"என்னோடது சார்."

"வெளியில போனா யாருக்கு மெமோ வரும்?"

"எனக்கு வரும் சார்."

"தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கீங்க? ஒரு புள்ளைக்காகப் பதினொரு புள்ளைங்க வாழ்க்கையைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அந்த ஒரு புள்ளை சார்..."

"சரி. அவளுக்கு இருபத்து நாலு போட்டு விட்ருவோம். பாஸ். திருப்தியா?"

தேறிவிடுவாள், பிரச்சினை முடியும், எனக்கு மெமோவும் வராது என்று மனம் கணக்குப் போட்டது. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது. பிறகு, "முப்பத்தாறு இல்லேன்னா அந்த எம்.எஸ்ஸி. சீட் போயிரும் சார்," என்றேன்.

"240-ன்னு எழுதுனவளுக்கு முப்பத்தாறு போட்டா நாளைக்கு எவனாவது பேப்பரை எடுத்துப் பாத்துக் கேப்பான்ம்மா," என்றார் எக்ஸ்டர்னல். "நான் கையெழுத்துப் போடணும்ல."

பதினொரு பேர் பார்க்காத எண்களை எழுதிய தாள்களில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்கு எவனும் வந்து கேட்க மாட்டான்.

4.40-க்கு மதிப்பெண் ஏற்றப்பட்டது. அபிநயாவுக்கு இருபத்து நான்கு.

5. மன்னிப்புக் கேட்க வந்தவர்

மறுநாள் காலை 9.40-க்கு அபிநயாவும் அவள் அப்பாவும் துறைத் தலைவர் அறை வாசலில் நின்றார்கள். அப்பா வேலைக்குப் போகிற சட்டையோடு வந்திருந்தார். காதோரம் மரத்தூள்.

"மேடம், சார் எப்ப வருவாக?"

"பத்தரை ஆகும். என்ன விஷயம்ண்ணே?"

"மன்னிப்புக் கேட்கத்தான். புள்ள ஏதோ எதுத்துப் பேசிருச்சாம்ல."

"நான் எதுத்துப் பேசலப்பா. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்," என்றாள் அவள்.

"நீ செத்த சும்மா இரு. மேடம், நீங்களே சொல்லுங்க. கூடப் படிக்கிற புள்ளைக எல்லாம் 120-ன்னு எழுதிருக்குக. இவளுக்கு மட்டும் என்ன, தனிக் கண்ணா இருக்கு? கண்டதை எழுதாம அவுக மாதிரியே எழுதிட்டு வந்திருந்தா, சீட்டு கிடைச்ச இடத்துக்குப் பெட்டியக் கட்டிக்கிட்டு அங்குட்டுக் கெளம்பியிருக்கலாம்ல?"

"கண்டதை எழுதலப்பா. கண்டதைத்தான் எழுதுனேன்."

"பாருங்க மேடம். இப்படித்தான் வாயாடுறா."

அவள் அழவில்லை. அவரைப் பார்க்காமல் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் பன்னிரண்டு பேரின் மதிப்பெண்ணும் ஒட்டியிருந்தது. பதினொரு பேருக்கு ஐம்பதுக்கு மேல்.

"அவ எழுதுனது சரிண்ணே," என்றேன். "கரைசல் தயாரிச்சதுல தப்பு எம்மேல. அவளுக்கு வந்தது சரியான விடை."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். மரியாதை குறையாமல்தான் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துச் சாயங்காலம்."

"நேத்தே தெரிஞ்சும் ஏன் மேடம் பேசாம இருந்தீக?"

சார்களிடம் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருந்தேன் என்பதுதான் உண்மை.

"சாரைப் பாக்க வேணாம். புள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்கண்ணே. மன்னிப்பு யாரும் கேட்க வேண்டியதில்ல," என்று சொல்லி அனுப்பினேன்.

பத்தேகாலுக்குக் கடிதம் எழுதினேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. ஒன்றரைப் பக்கம். ஸ்டாண்டர்டை நான் தவறாகத் தயாரித்தேன். அதை வைத்து 240 தவிர வேறு விடை வராது. பதினொரு விடைத்தாள்களில் உள்ள ரீடிங்குகள் அன்று எந்தக் கருவியிலும் வந்திருக்க முடியாது. நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸை இணைத்தேன். தபாலில் விடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன்.

அங்கிருந்த பிரிவு அலுவலர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, சர்வீஸ் இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

"ஒம்போது வருஷம் சார்."

"ஒம்போது வருஷத்தையும் நிம்மதியா ஓட்டணும்னு ஆசை இல்லையா?"

"முத்திரை வையுங்க சார்," என்றேன்.

6. மறுதேர்வு

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. தேர்வு ரத்து. பன்னிரண்டு பேருக்கும் மறுதேர்வு. வேறு எக்ஸ்டர்னல். கடிதத்தின் பின்பாதியைப் பற்றி, அதாவது பதினொரு தாள்களைப் பற்றி, உத்தரவில் ஒரு சொல்கூட இல்லை. 'கரைசல் தயாரிப்பில் ஏற்பட்ட தொழில்நுட்பக் குறைபாடு காரணமாக' என்று மட்டும் இருந்தது.

மாணவர்கள் கொதித்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர வேண்டியிருந்தது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டே ஒருவன் என்னிடம் சொன்னான்: "மேடம், அடுத்த தடவை ஸ்டாண்டர்டைக் கெடுக்கும்போது எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க." இரண்டு பேர் சிரித்தார்கள். அபிநயாவின் பக்கத்து மேசையில் நிற்க யாரும் முன்வரவில்லை. "அம்மா தாயே, நீ பாட்டுக்கு எதையாவது பாத்து எழுதிருவ, அங்குட்டே நில்லு," என்றாள் மூன்று வருடமாக அவளோடு ஒரே பஸ்ஸில் வந்தவள்.

இந்த முறை அன்நோனை நான் ஒரே அளவாக வைக்கவில்லை. 94, 137, 108, 151 என்று பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு அளவு. துறைத் தலைவரிடம் கேட்கவும் இல்லை. மாடல் ரெக்கார்டு அன்று யாருக்கும் பயன்படவில்லை. ஆறு டியூப்பையும் செய்தாக வேண்டியிருந்தது.

பதினொரு பேரில் ஒன்பது பேருக்குச் சரியாக வந்தது. ஐந்து மைக்ரோகிராம் இப்படி அப்படி. ஒருவன் தன் ரீடிங்கைப் பார்த்துவிட்டு, "மேடம், எனக்கு உண்மையாவே வருது," என்றான். இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவன்மேல் அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கு அளக்கத் தெரிந்திருக்கிறது. அளக்க வேண்டாம், நேர்கோடாக எழுதினால் போதும் என்று மூன்று வருடம் சிவப்பு மையில் சொல்லிக் கொடுத்தது நாங்கள்.

அபிநயாவுக்கு 137 கொடுத்திருந்தேன். 135 என்று எழுதினாள். ஐம்பத்து நான்கு மதிப்பெண். மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் பட்டியல் வந்தது. எம்.எஸ்ஸி. இடம் உறுதியானது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது ஆய்வகத்துக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி இல்லை.

"மேடம், ஒண்ணு கேட்கணும். நான் எதுக்கு ரெண்டாவது தடவை எழுதுனேன்?"

"தேர்வை ரத்து பண்ணிட்டாங்கல்லம்மா."

"என்னோடது சரின்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்கல்ல? அப்ப அவங்களுக்கு மட்டும்தானே வச்சிருக்கணும்? இப்ப பதிவேட்டுல என்ன இருக்கும்? பன்னிரண்டு பேரும் முதல் தடவை எழுதுனது செல்லாதுன்னு இருக்கும். என்னோடதும்."

"ஆமா."

"அந்தப் பேப்பர்ல என்ன தப்பு மேடம்?"

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் கேட்டது நியாயம். உத்தரவு வந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு மெமோ வந்தது. 'தேர்வுப் பணியில் கவனக்குறைவு' என்று கண்டனம் பதிந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். துறைத் தலைவருக்கு எதுவும் வரவில்லை. அந்த எக்ஸ்டர்னல் வேறு கல்லூரிகளுக்கு இன்னும் தேர்வு நடத்தப் போகிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது மூன்று. பிப்பெட் கையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். சாப்பாடு வாங்க வேறு ஆள் இருக்கிறார்கள். பரீட்சைக்குக் கொடுக்கும் ஸ்டாண்டர்டைக் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை ரீடிங் எடுத்துப் பாருங்கள். நான் இப்போது செய்கிறேன், முன்பே செய்திருக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே, மதிப்பெண் ஏறுவதற்கு முன்பே, எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். நான் மறுநாள் காலைவரை காத்திருந்தேன். அந்த ஒரு நாள் முன்னதாக, ரீடிங் எல்லாம் மேசைமேல் இருந்த நேரத்தில் கொடுத்திருந்தால், அவள் தாள் ஒன்றையாவது தனியாக எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.